வருகின்ற அழைப்பு இனாமா?

கைபேசிக்கு வருகின்ற அழைப்பை ஏற்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பது, கம்பெனிகள் மனமிரங்கி ஜனங்களுக்கு அளித்த இனாம் என்றொரு அபிப்பிராயம், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களிடையேகூட நம் தேசத்தில் வேரூன்றி நிற்கிறது. 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசி இந்தியாவில் கைபேசிச் சேவையைத் தொடங்கிவைத்த காலத்தில், அழைத்தவரும் கொடுத்தார், அழைக்கப்பட்டவரும் கொடுத்தார். ஆகவே மணி ஒலித்தால் யார் என்று மட்டும் பார்த்துவிட்டு, அழைப்பைத் துண்டித்து, பக்கத்திலுள்ள தொலைபேசிச் சாவடிக்குப் போய்த் திருப்பிப் பேசிய சிக்கனக்காரர்கள் அநேகர். 2003-ஆம் ஆண்டு மே முதல் தேதி அந்த ஏற்பாடு மாறியதற்குக் காரணம் எவருடைய கருணையும் அன்று. அழைப்பவரே பணம் செலுத்த வேண்டும் என்ற முறையை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அமலுக்குக் கொண்டுவந்ததுதான்.

அம்முறைப்படி, அழைப்பவரிடம் வசூலிக்கும் கம்பெனி, அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மற்றக் கம்பெனிக்கு நிமிஷத்துக்கு இவ்வளவு என்று இணைப்புக் கட்டணம் கொடுக்கும். 2004 பிப்ரவரியில் 30 பைசாவாக இருந்த அக்கட்டணம் 2009-இல் 20, 2015-இல் 14, 2017 அக்டோபரில் 6 என்று இறங்கி, 2021 ஜனவரி முதல் தேதி அறவே நீங்கியது.

பல கம்பெனிகள் போட்டியிடும் சந்தையில் இதை ஓர் ஆணையம் நிர்ணயிப்பானேன், போட்டியே விலையைக் குறைத்துவிடாதா என்று வாதிப்பவர்கள் ஒரு சூக்ஷ்மத்தைக் கவனிப்பதில்லை. ஓர் ஊருக்குள் செல்ல ஒரே சாலை இருந்து, அதில் ஒரே சுங்கச் சாவடியும் இருந்தால், தேசத்தில் ஆயிரம் சாவடிக்காரர்கள் இருந்தும் அவ்வூருக்குப் போகிறவனுக்குப் பயன் யாது? ஒருவருடைய எண்ணை அடையும் வழி அவருடைய கம்பெனி ஒன்றின் கையிலேயே இருப்பதனால், சிறிய கம்பெனியும்கூடத் தன் சந்தாதாரர்களைப் பொறுத்தவரையில் ஏகபோக அதிபதிதான். அவர் தம் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும்போது, தம்மை அழைப்பவர்களுக்கு ஆகும் செலவை எண்ணிப் பார்ப்பதுமில்லை.

ஜியோ 2019 அக்டோபரில் பிற கம்பெனி எண்களுக்குப் பேச நிமிஷத்துக்கு 6 பைசா வசூலிக்கத் தொடங்கியபோது, இது அரசாங்கம் போட்ட புது வரி என்று பலர் நொந்துகொண்டார்கள். அது வரி அன்று, கம்பெனிக்குக் கம்பெனி கைமாறிய தொகை. அதற்காகக் கம்பெனிகள் நடத்திய வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மணி ஒலிக்கும் நேரத்தை 25 விநாடி அளவுக்குச் சுருக்கிவிட்டால், எடுக்கத் தவறியவர் தாமே திருப்பி அழைப்பார். கட்டணம் கொடுக்க வேண்டிய கம்பெனி அதைப் பெறும் கம்பெனியாக மாறிவிடும்! ஒருவர் சுருக்க, மற்றவர்களும் சுருக்க, கடைசியில் ஆணையம் தலையிட்டு, கைபேசிக்கு 30 விநாடி, கம்பித் தொலைபேசிக்கு 60 விநாடி என்று அதே ஆண்டு நவம்பரில் விதிக்க நேர்ந்தது.

கட்டணம் ஒழிந்தால் செலவும் ஒழியும் என்பது மற்றொரு மயக்கம். 'மிஸ்டு கால்' கொடுத்துவிட்டு மறு அழைப்புக்குக் காத்திருக்கும் ஏழைச் சந்தாதாரர், தம் கையிலிருந்து ஒன்றும் கொடாவிட்டாலும், வருகின்ற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் தம் கம்பெனிக்குப் பைசா ஈட்டித் தந்தார். 2005-ஆம் ஆண்டின் இறுதியில் 999 ரூபாய்க்கு 'ஆயுட்காலச்' சேவை என்று விற்க முடிந்ததற்கு அந்த வரவும் ஒரு காரணம் என்பது என் துணிபு. 6 பைசாவாகக் குறைந்த மறு ஆண்டே, இணைப்பு உயிருடன் இருக்க மாதம் 35 ரூபாயாவது போட வேண்டும் என்று பெரிய கம்பெனிகள் நிபந்தனை விதித்தன. முன்பு அழைத்தவர் கொடுத்ததை இப்போது அழைக்கப்படுகிறவரே மாதத் தொகையாகக் கொடுக்கிறார்.

வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கோ இணைப்புக் கட்டணம் நீங்கவும் இல்லை: அதை ஆணையம் 2020-இல் நிமிஷத்துக்கு 35 பைசா முதல் 65 பைசா வரை கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.