அயலார் மொழி கற்ற அறிஞர் அல்பிரூனி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் கோயில், பௌத்த விகாரை, தேவாலயம், தொழுகைக்கூடம் யாவும் அருகருகே நிற்கின்றன. அவற்றைக் கடந்து செல்லும் நாம், அயலாரின் நெறியை எவ்வளவு அறிந்துள்ளோம்? இவ்வினாவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தம் வாழ்வால் விடை தந்தவர் அல்பிரூனி.

மத்திய ஆசியாவின் குவாரிசம் நாட்டில் 973ஆம் ஆண்டு பிறந்த இவர், கணிதம், வானியல், மருந்தியல், வரலாறு ஆகிய துறைகளில் வல்லவர். கஜினி முகமதுவின் படையெடுப்புக் காலத்தில் இந்தியாவுக்கு வந்தார். இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்தார். உச்சியிலிருந்து பார்க்கையில் தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்னும் கோணத்தையும் கண்டார். இவ்விரண்டைக் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணித்தார்.

அதனினும் அரிய செயல் ஒன்றுண்டு. நடுவயதில் அவர் வடமொழி பயின்றார், பண்டிதர்களிடம் கேட்டறிந்தார், பதஞ்சலியின் யோக நூலை அரபு மொழியில் பெயர்த்தார். இந்தியரின் சமயம், வானநூல், வழக்கங்களை விளக்கி 1030ஆம் ஆண்டளவில் பெருநூல் இயற்றினார். முகமதுவின் படையெடுப்புகள் அந்நாட்டின் வளத்தைச் சிதைத்தன என்றும் அதில் மறைக்காது எழுதினார்.

தோட்டப்புறத்திலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பல இனத்தாருடன் கலந்து வாழும் நாம் அவரிடம் கற்க வேண்டியது ஒன்றே: அயலாரைப் பற்றிப் பேசுமுன், அயலாரிடமே கேட்டறிதல் வேண்டும். அண்டை வீட்டாரின் மொழியில் நாளுக்கொரு சொல் கற்பினும் அது நல்ல தொடக்கமே.