திரும்பி வரும் எண்

ஓர் எண்ணை வர்க்கமாக்கி, அதனுடன் ஒரு மாறாத எண்ணைக் கூட்ட வேண்டும். கிடைக்கும் விடையை மீண்டும் வர்க்கமாக்கி, அதே மாறாத எண்ணைக் கூட்ட வேண்டும். இப்படியே தொடர்ந்தால் எண்கள் எங்கே போய்ச் சேரும்? சில எண்கள் பெருகிக்கொண்டே போகும். சில அங்குமிங்கும் அலையும். மிகச் சில மட்டும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். ஒரே விதியின்படி படிப்படியாக மாறிச் செல்பவற்றை ஆராயும் கணிதத் துறைக்கு இயங்கியல் அமைப்புகள் என்று பெயர். வானிலையும் கோள்களின் பாதையும்கூட இத்துறையின் ஆய்வுக்குள் வருகின்றன.

மாறாத எண் −29/16 என்று கொள்வோம். −1/4 என்ற பின்னத்திலிருந்து தொடங்கினால் அடுத்து −7/4 வரும். அதற்கடுத்து 5/4. மூன்றாவது அடியில் மீண்டும் −1/4. இதைச் சரிபார்க்கத் தாளும் பென்சிலும் போதும்.

மூன்று அடிகளில் திரும்பும் பின்னங்கள் இருக்கின்றன. நான்கு அடிகளில் திரும்பும் பின்னம் உண்டா? தொடக்க எண்ணும் மாறாத எண்ணும் பின்னங்களாக இருந்தால் அது நடக்கவே நடக்காது என்று பேட்ரிக் மோர்ட்டன் 1998இல் நிறுவினார். ஐந்து அடிகளிலும் நடக்காது என்பதை ஃபிளின், பூனன், ஷேஃபர் ஆகிய மூவர் 1997இலேயே காட்டியிருந்தனர். மூன்றுக்கு மேல் எத்தனை அடிகளானாலும் நடக்காது என்பது பியோர்ன் பூனனின் ஊகம். அதற்கு முழு நிறுவல் இன்னும் கிடைக்கவில்லை. பள்ளி மாணவருக்கும் புரியும் கேள்வி இது. விடையோ வல்லுநர்களுக்கே எட்டாமல் நிற்கிறது.

இத்தகைய ஆய்வுகளில் கணினி பெருந்துணை புரிகிறது. ஆனால், கணினி சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. மாறாத எண் −301/144 ஆக இருக்கும்போது, 5/12 என்ற பின்னம் −23/12, 19/12 வழியாக மூன்றே அடிகளில் 5/12க்குத் திரும்புகிறது. 5/12ஐத் தசமமாக எழுதினால் 0.41666... என்று முடிவின்றி நீளும். அதை 0.42 என்று முழுமையாக்கிவிட்டுக் கணக்கிட்டால், மூன்று அடிகளுக்குப் பிறகு ஏறத்தாழ 0.38 வரும். ஆறு அடிகளுக்குப் பிறகு 0.76 வரும். ஒவ்வொரு சுற்றிலும் பிழை ஏறக்குறைய பத்து மடங்காகிவிடுகிறது. திரும்பி வரும் எண் வழி தவறிப் போகிறது!

எட்வர்ட் லொரன்ஸ் 1961இல் கண்டதும் இதைப் போன்றதுதான். வானிலைக் கணக்கை மீண்டும் ஓடவிட்டபோது, 0.506127 என்ற எண்ணுக்குப் பதில் 0.506 என்று கணினியில் உள்ளிட்டார். சிறிது நேரத்தில் இரண்டு வானிலைகளும் தொடர்பே இல்லாமல் பிரிந்துபோயின.

ஆகவே, ஒரு மென்பொருள் விடை சொல்லும்போது, அது பின்னத்தைப் பின்னமாகவே வைத்துக் கணக்கிட்டதா, இடையில் எங்காவது முழுமையாக்கியதா என்பது ஆய்வாளருக்குத் தெரிந்தாக வேண்டும். மென்பொருளின் உள்ளே இருக்கும் நிரலைப் பார்க்க முடியாவிட்டால் இதை எப்படி அறிவது? ஜெர்மானியக் கணிதவியலாளர் யோவாகிம் நொய்பியூசர் 1990களிலேயே இந்தக் குறையை எடுத்துரைத்தார். நூலகத்தில் உள்ள ஒரு தேற்றத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்; அதன் நிறுவலைப் படித்துப் பார்க்கலாம். கணித மென்பொருளில் மட்டும் ஏன் பணமும் கொடுத்து, உள்ளே இருப்பதையும் பார்க்கக்கூடாது என்பதே அவருடைய வாதம். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நிறுவலின் ஒரு பகுதியைக் கணினி செய்தால், அந்தப் பகுதியும் நிறுவல்தானே!

வில்லியம் ஸ்டைன் என்னும் அமெரிக்கக் கணிதவியலாளர் 2005இல் சேஜ் என்ற திறந்தமூல மென்பொருளைத் தொடங்கினார். நொய்பியூசரின் குழு உருவாக்கிய கேப் உள்ளிட்ட பல திறந்த மென்பொருள்களை அது தன்னுள் இணைத்துக்கொண்டது. அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். 2006இலிருந்து சேஜ் நாள்கள் என்னும் பட்டறைகளும் நடந்துவருகின்றன. கணிதவியலாளர்களும் நிரலாளர்களும் மாணவர்களும் மடிக்கணினியோடு ஓரிடத்தில் கூடுகிறார்கள். உரைகளைக் கேட்பதோடு அவர்கள் நின்றுவிடுவதில்லை. சிறு குழுக்களாகப் பிரிந்து, மென்பொருளில் இல்லாத ஒன்றை எழுதுகிறார்கள். இருக்கும் பிழையைத் திருத்துகிறார்கள். இயங்கியல் அமைப்புகளுக்கான பகுதியும் இத்தகைய கூட்டு உழைப்பில் வளர்ந்ததே. ஓர் எண் எத்தனை அடிகளில் திரும்பும், ஒரு விதிக்குத் திரும்பி வரும் பின்னங்கள் எவையெவை என்பன போன்ற கேள்விகளுக்கு அது விடை தேடித் தரும்.

ஒருவர் எழுதிய நிரல் உடனே மென்பொருளில் சேர்ந்துவிடாது. அதை இன்னொருவர் படித்து, ஓட்டிப் பார்த்து, ஒப்புதல் தர வேண்டும். பேராசிரியர் எழுதியதானாலும் மாணவர் எழுதியதானாலும் விதி ஒன்றுதான். பேராசிரியரின் நிரலில் உள்ள பிழையை மாணவர் சுட்டிக்காட்டுவது அங்கே மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஒவ்வொரு செயற்கூறுடனும் எடுத்துக்காட்டுக் கணக்குகளும் அவற்றின் சரியான விடைகளும் எழுதப்பட வேண்டும். நிரலில் மாற்றம் செய்யும்போது கணினி அந்தக் கணக்குகளை மீண்டும் செய்து பார்க்கிறது. விடை மாறினால், எங்கோ தவறு நேர்ந்துள்ளது என்று தெரிந்துவிடும். எடுத்துக்காட்டு எழுதுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும், பல ஆண்டுகளுக்குப் பிறகு முன்பின் அறியாத ஒருவர் செய்யும் மாற்றத்திலிருந்து நிரலைக் காப்பது அந்த வேலையே.

சேஜின் இயங்கியல் பகுதியைத் திறந்து பார்ப்பவர்கள், அந்த எடுத்துக்காட்டுகளுக்கு இடையே −29/16 என்ற எண்ணையும் காணலாம்.