ஃபீல்டு புக்கில் நம்ம ஊர்

(சிவில் இரண்டாமாண்டு மாணவன்)



சர்வே பிராக்டிகலில் சங்கிலி பிடித்து, வெயிலில் ரேஞ்சிங் ராடை நட்டுக்கொண்டு "லெஃப்ட்... லெஃப்ட்..." என்று கத்தாத சிவில் மாணவன் உண்டா? (மெக்கானிக்கல் நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்க ஃபைலிங் கதை எங்களுக்கும் தெரியும்!) ஃபீல்டு புக்கில் நடுவே இரண்டு கோடு, அதற்குள் சங்கிலித் தூரம், இருபுறமும் ஆஃப்செட். தப்பாக எழுதிவிட்டால் ரப்பர் போடக் கூடாது. ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும். இதே முறையில் நம் ஊரையும் எழுதலாம் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இது என் சொந்த யோசனை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-ல் தன் மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, லீவுக்குப் போகும்போது சொந்த ஊரை விசாரித்து எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று அவர்கள் எழுதி வந்தது 1918-ல் புத்தகமானது. அதில் ஒரு ஊர் இருவேல்பட்டு. அன்றைக்குத் தென்னார்க்காடு, இன்றைக்கு எங்க விழுப்புரம் மாவட்டம். அதோடு விட்டுவிடவில்லை. 1936-37-ல் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அந்தப் பழைய ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். பிறகு 1961, 1981, 2008 என்று ஆராய்ச்சியாளர்கள் இருவேல்பட்டுக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள்.

1916-ல் அங்கே படியாள் முறை இருந்தது. பண்ணையில் கடன் வாங்கியவன் அங்கேயே உழைக்க வேண்டும். கடன் தீராது. அப்பன் வாங்கியது மகன் தலையில் இறங்கும். 2008-ல் அந்த முறை இல்லை. ஒரு மாணவன் லீவில் எழுதி வைத்ததால்தான் எது மாறியது என்று இன்று சொல்ல முடிகிறது. ஆனால் ஒன்று. அந்தக் காலத்தில் காலேஜுக்குப் போனவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். படியாள் வீட்டுப் பையன் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பான்?

பொங்கல் லீவில் நோட்டை எடுத்துக்கொண்டு எங்க தெருவில் இறங்கினேன். முதல் நாளே தடுமாற்றம். யாருக்கும் வருஷம் தெரியவில்லை. "எப்ப ஆயா ஓலைக் கூரையைப் பிரிச்சீங்க?" என்றால், "எம்.ஜி.ஆர். செத்த வருஷம்டா கண்ணு" என்கிறார் ஆயா. அதாவது 1987 கடைசி. எதிர்வீட்டில் கான்கிரீட் போட்டது "சுனாமிக்கு அடுத்த வருஷம்". அப்படியென்றால் 2005. ஆகவே நண்பர்களே, வருஷம் கேட்காதீர்கள். எந்தச் சம்பவத்துக்கு முன்னே, எதற்குப் பின்னே என்று கேளுங்கள். சங்கிலிக்கு ஆஃப்செட் மாதிரி!

கூலியை மரக்காலில் சொன்னால் மரக்கால் என்றே எழுதுங்கள். உடனே கிலோவாக்கி விடாதீர்கள். அளக்கிற மரக்காலிலேயே கைவரிசை இருந்ததாம், அந்தக் கதை கிலோவில் வராது. யார் சொன்னது, எந்தத் தேதி, பக்கத்தில் யார் இருந்தார்கள், இதையும் எழுதுங்கள். கடைசியில் சொன்னது ஏன் முக்கியம் என்று எனக்கே பிறகுதான் புரிந்தது.

எங்க தாத்தாவும் படியாளாக இருந்தவர். அது எனக்கு இந்த நோட்டால்தான் தெரியும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அதற்கு முன்பே, கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கி ஒரு பண்ணையில் சேர்ந்திருக்கிறார். ஆயாவிடம் "எவ்வளவு கடன்?" என்று கேட்டேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "அம்பது ரூவா" என்றார் ஆயா. அப்பா எழுந்துவிட்டார். "படிக்க அனுப்புனது இதைக் கிளறவா? காலேஜு பசங்க சிரிக்க மாட்டாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. நோட்டை மூடிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஆயா மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது தானாகவே சொன்னார். "அம்பது இல்லடா, நூத்தி இருவது. உங்கப்பன் எதிர்ல சொல்ல மனசு வரல. அவனும் மாடு மேச்சுக் கழிச்சான்ல."

ஐம்பதை ஒரே கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் நூற்றிருபது என்று எழுதி, தேதி போட்டேன். இரண்டும் படிக்கிற மாதிரியே இருக்கிறது. ஊருக்குப் போனால் நோட்டைப் பெட்டியில் பூட்டுவதில்லை, டிவி மேலேயே வைக்கிறேன். அப்பா இன்னும் அதைத் தொடவில்லை.