முதுமையில் சிறுநீர்த் தொல்லை: வெட்கம் வேண்டாம்



நம் பள்ளிவாசல்களில் முன் ஸஃப்பில் நின்று பழகிய பெரியவர்கள் சிலர், மெல்லப் பின் ஸஃப்புக்கு நகர்ந்து, பிறகு ஜமாஅத்துக்கே வராமல் வீட்டோடு தங்கி விடுவதை நாம் காண்கிறோம். கேட்டால் முழங்கால் வலி என்பார்கள். சிலருக்கு உண்மைக் காரணம் வேறு. அடிக்கடி சிறுநீர் வருகிறது. ஒளு நிற்குமோ என்ற ஐயம். வெளியில் சொல்ல வெட்கம். அதையே இம்மாதப் பாடமாக எடுத்துக் கொள்வோம்.

ஆண்களுக்கு மூத்திரப் பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் போல் அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. வாலிபத்தில் அதன் எடை ஏறக்குறைய 20 கிராம். வயது ஏற ஏற அது பருக்கிறது. 60 வயதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், 80 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இவ்வளர்ச்சி உண்டு. சிலருக்கு அது குழாயை நெருக்குகிறது. அப்போது சிறுநீர் தொடங்கத் தாமதமாகும், தாரை மெலியும், முடிந்த பின்னும் சொட்டும், இரவில் பலமுறை எழ நேரும்.

இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே வயதில் வரக்கூடும். நீரிழிவும் இரவில் எழுப்பும். 2023ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு அது உண்டு. ஆகவே, வயதாகிவிட்டது என்று நாமே தீர்ப்புச் சொல்லிக் கொள்ளலாகாது.

வெட்கத்துக்கு நமக்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஹஜ்ரத் அலி (ரலி) அவர்கள் தமக்கிருந்த ஓர் அந்தரங்கத் தொல்லை பற்றி, மாமனாரான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரே கேட்க நாணி, மிக்தாத் (ரலி) அவர்களைக் கொண்டு கேட்டறிந்தார்கள். நாணம் இருந்தது, அதற்காகக் கேள்வி நின்று விடவில்லை. அத்தா சொல்லத் தயங்கினால் மகன் கேட்கட்டும், உடன் செல்லட்டும்.

மார்க்கமும் நம்மை நெருக்கடியில் விடவில்லை. இடைவிடாது சொட்டு வருபவர், வக்து வந்த பின் சுத்தம் செய்து, துணியோ பஞ்சோ வைத்து, ஒளுச் செய்து தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும் ஓர் ஒளு. ஹனஃபி மத்ஹபில் அந்த வக்து முழுவதற்கும் ஓர் ஒளு. தத்தம் நிலையை ஆலிமிடம் கேட்டுத் தெளிக. சிறுநீரை அடக்கிக் கொண்டு தொழுவதும் விரும்பத்தக்கதன்று.

வீட்டில் செய்யத்தக்கவை சில. பகலில் போதிய தண்ணீர் குடியுங்கள். இரவுத் தே தாரேயையும் காப்பியையும் குறையுங்கள். அவசரமின்றி உட்கார்ந்து சிறுநீர் கழியுங்கள். சளிக்கும் ஒவ்வாமைக்கும் விற்கும் சில மாத்திரைகள் சிறுநீரை அடைத்து விடும், கேளாமல் வாங்காதீர்கள்.

வைத்தியரிடம் செல்வதும் கடினமன்று. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். சிறுநீர், ரத்தப் பரிசோதனைகள் செய்வார்கள். ஆசனவாய் வழியே விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பதும் உண்டு. ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆண் வைத்தியரைக் கேட்கலாம். தேவையானால் கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ கடிதம் தருவார்கள்.

மருந்துகள் இருவகை. ஒன்று தசையைத் தளர்த்திச் சில நாட்களிலேயே சுகம் தரும். ஆனால் எழும்போது தலை சுற்றலாம், சுஜூதிலிருந்து நிதானமாக எழ வேண்டும். மற்றது சுரப்பியையே சுருக்கும். ஆறு மாதம் பொறுக்க வேண்டும். இவை போதாவிடில், வெளியே கீறாமல் சிறுநீர்க் குழாய் வழியே சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் சத்திர சிகிச்சை உண்டு.

ஒன்றை மட்டும் மறவாதீர். வயிறு கனத்து, சிறுநீர் ஒரு துளியும் வராமல் நின்று விட்டால், அல்லது ரத்தம் கலந்து வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடைப்பு நீடித்தால் சிறுநீரகமே கெடும்.

அடுத்த ஜும்ஆவில் வழக்கமான ஒரு பெரியவரைக் காணாவிட்டால், அவர் வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லி, அன்போடு விசாரிப்போம். அல்லாஹ் நம் பெரியவர்களுக்கு நல்ல சுகத்தையும், ஜமாஅத்தோடு தொழும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.