ஆர்கிட் தொட்டிக்கு அரை கிராம்

நான் ஆர்கிட் வளர்ப்பது தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, "அக்கா, பூக்கறதுக்கு என்ன உரம் போடறீங்க?" என்றுதான். உரத்தின் பெயரைச் சொல்வதற்கு முன், வேர் எப்படி இருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. இலையைப் பார்க்கிறோம், மொட்டைத் தேடுகிறோம், வேரைக் கவனிப்பதில்லை. உரம் எப்போது, எவ்வளவு என்பதை வேர்தான் சொல்லும்.

நாம் வீட்டில் வளர்க்கும் டென்ட்ரோபியம், வாண்டா, பெலனாப்சிஸ் எல்லாமே மரத்தில் தொற்றி வளரும் இனங்கள். நம் சமவெளியிலேயே மாமரக் கிளைகளில் வாண்டா டெசலேட்டா தானாக வளர்கிறது. அதற்கு மண் கிடையாது. பட்டையில் வழியும் மழைநீர், அதில் கரைந்து வரும் சருகுச் சத்து, பறவை எச்சம், இவ்வளவுதான் உணவு. வேரைச் சுற்றி வெலமன் என்கிற உறை இருக்கிறது. காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், நனைந்ததும் பச்சையாகிவிடும். வேரின் கடைசி முனை மட்டும் பளபளவென்று பச்சையாகவோ செம்பழுப்பாகவோ இருந்தால் வேர் ஓடுகிறது என்று பொருள். அந்த முனை தெரிந்தால்தான் உரம் கரைப்பேன். தொட்டி மாற்றிய செடிக்கும், வேர் அழுகி வெட்டிய செடிக்கும் புது முனை வரும்வரை வெறும் தண்ணீர்தான்.

உரம் என்று நான் வாங்குவது விவசாயிகள் 'ஆல் நைன்டீன்' என்று சொல்லும் 19:19:19, நீரில் கரையும் உரம். காய்கறிக்கு லிட்டருக்கு 5 கிராம் வரை கரைப்பார்கள். ஆர்கிட்டுக்கு அரை கிராம் போதும். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 5 கிராம் இருக்கும். அதை 10 லிட்டர் வாளியில் கரைத்தால் கணக்குச் சரி. தழைச்சத்து 95 பிபிஎம் வந்துவிடும். வாரம் ஒருமுறை, காலையில், தொட்டியின் அடியில் வடியும்வரை ஊற்றுவேன். மாலையில் ஊற்றினால் குருத்தில் நீர் தேங்கி இரவெல்லாம் நிற்கும். பெலனாப்சிஸ் அழுக அது ஒன்றே போதும்.

முதலில் வெறும் தண்ணீரால் வேரை நனைத்துவிட்டுத்தான் உரநீர் ஊற்ற வேண்டும் என்பார்கள். கரைசல் கெட்டியாக இருந்தால் அது சரி. ஆனால் வெலமன் சில நொடிகளில் நீரை உறிஞ்சிக்கொள்ளும், காய மணிக்கணக்கில் ஆகும் என்று 2013இல் ஸோட்ஸ், விங்க்லர் இருவரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முதலில் வரும் நீரே உறையை நிரப்பிவிடுகிறது. அதனால் இவ்வளவு நீர்த்த கரைசலை நான் நேரடியாகவே ஊற்றுகிறேன். கத்திரி வெயிலில் மட்டும் ஸ்பிரேயரால் லேசாக ஈரப்படுத்திக்கொள்வேன்.

சென்னையில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 900ஐத் தாண்டும். உரமும் உப்புதான். உப்பு நீரில் இன்னும் உப்பைக் கரைத்தால் வேர்முனை கருகும், பிறகு இலைநுனி. தொட்டியில் நிரப்பிய கரித்துண்டின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மாவாக உதிரும். அதைப் பார்த்தால் உரத்தை நிறுத்திவிட்டு, மழைநீரையோ ஆர்ஓ நீரையோ மூன்று நான்கு தடவை ஊற்றி வடியவிட வேண்டும். படியாவிட்டாலும் மாதம் ஒருமுறை இப்படிக் கழுவிவிடுவது நல்லது.

மழைநீர், ஆர்ஓ நீர் இரண்டிலும் கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத குறை உண்டு. ஆகவே ஒரு வாரம் ஆல் நைன்டீன் என்றால் மறுவாரம் கால்சியம் நைட்ரேட், அதே அரை கிராம். மாதம் ஒரு தடவை எப்சம் உப்பு. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆல் நைன்டீனில் உள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. அதை மாற்றித் தரும் நுண்ணுயிர்கள் மண்ணில் ஏராளம். கரியிலும் செங்கல் துண்டிலும் குறைவு. கால்சியம் நைட்ரேட்டில் அந்த மாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டையும் கெட்டியாக ஒரே பாட்டிலில் மட்டும் கலக்காதீர்கள். வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும்.

பூக்க வைக்கும் உரம் என்று மணிச்சத்து தூக்கலாக உள்ள பாக்கெட்டை விற்கிறார்கள். நான் வாங்குவதில்லை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் ஆர்கிட்டுக்கென உருவாக்கிய கலவை 13-3-15. மணிச்சத்து வெறும் 3. பெலனாப்சிஸ் பூந்தண்டு விட, சில வாரங்கள் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சி வேண்டும். தைவானில் இதற்காகவே குளிரூட்டிய பசுமைக் குடில்கள் வைத்திருக்கிறார்கள். சென்னையில் மார்கழி, தை தவிர அந்தக் குளிர்ச்சி ஏது? டென்ட்ரோபியம் சோனியாவுக்கு வெளிச்சம்தான் எல்லாம். இலை கரும்பச்சையாகத் தளர்ந்து தொங்கினால் உரத்தைக் கூட்டாதீர்கள், தொட்டியை 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே நகர்த்துங்கள். இளம்பச்சை இலையுள்ள செடிதான் பூக்கும்.

அரிசி கழுவிய நீர், கடலைப் புண்ணாக்குக் கரைசல் எல்லாம் ரோஜாவுக்கும் மல்லிக்கும் அருமையான உணவு. ஆர்கிட் தொட்டியில் ஊற்றினால் புளித்து, எறும்பும் சின்ன ஈக்களும் வரும், தொட்டியிலுள்ள தேங்காய் மட்டை சீக்கிரம் மக்கி வேரை மூச்சுமுட்ட வைக்கும். தேங்காய் மட்டையைப் புதிதாகப் போடுவதென்றால் சில நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவியபின் போடுங்கள். அதிலேயே பொட்டாசியமும் சோடியமும் இருக்கின்றன.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்துகொண்டே இருந்தால் பலர் தை வரை உரத்தையே மறந்துவிடுகிறார்கள். மழை தொட்டியில் இருப்பதையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும், ஆனால் அந்த ஈரக் காற்றில் செடி வளர்ந்துகொண்டேதான் இருக்கும். மழை விட்டு வேர் வெள்ளி நிறத்துக்குத் திரும்பும் முதல் காலையிலேயே அரை கிராம் கரைசலை ஊற்றிவிடுங்கள்.