ஷாக் பாரம் தூக்காது

“ஹெவி டூட்டி ஷாக் மாட்டியாச்சு அண்ணாச்சி. இனி ரெண்டு டன் தாராளமா அடிக்கலாம்.”

சிவகாசியில் ஆடி பிறந்து தீபாவளி வேலை சூடுபிடிக்கும்போது இந்தப் பேச்சும் கூடவே கிளம்பிவிடுகிறது. திருத்தங்கல் ரோட்டு ஸ்பேர்ஸ் கடை, சாத்தூர் டீக்கடை, வெம்பக்கோட்டை போகிற வழியில் பஞ்சர் ஒட்டும் இடம் என்று எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்கிறார், நாலு பேர் தலையாட்டுகிறார்கள். எப்படி என்று ஒருத்தரும் கேட்பதில்லை. 1.3 டன்னுக்கு என்று கம்பெனி கட்டி அனுப்பிய பொலேரோ பிக்கப், பின்பக்கம் இரண்டு ஷாக்கை மாற்றியதும் எப்படி ஐயா ரெண்டு டன் வண்டியாகும்?

ஆகாது. ஷாக் அப்சார்பருக்குப் பாரம் சுமக்கும் வேலையே கிடையாது. சுமப்பது ஸ்பிரிங், பிக்கப்பின் பின்பக்கம் என்றால் அடுக்கிக் கட்டிய பிளேட்டுகள். பள்ளத்தில் அமுங்கிய பிளேட் நிமிரும்போது அதோடு நிற்காமல் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் ஷாக். உள்ளே ஒரு பிஸ்டன், அதில் சின்னத் துளைகளும் வால்வும், சுற்றிலும் ஆயில். பிஸ்டன் எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அந்த அளவுக்கு ஆயில் எதிர்க்கும். நகரவில்லை என்றால் எதிர்ப்பும் இல்லை. லோடு ஏற்றி நிறுத்திய வண்டியில் பிஸ்டன் அசையாமல் இருக்கிறது. அப்போது அந்த ஆயில் ஒரு கிலோவைக்கூடத் தாங்கவில்லை. ஆபீஸ் கதவின் மேலே மாட்டியிருக்கும் டோர் குளோசரைப் பாருங்கள். கதவு அறைந்து சாத்தாமல் பார்த்துக்கொள்வது அது. கதவின் எடையைச் சுமப்பது கீல். பெரிய குளோசர் மாட்டியாச்சு, இனி இரும்புக் கதவு போடலாம் என்று எந்தத் தச்சராவது சொல்வாரா?

இந்த நம்பிக்கை எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். கடைக் கவுண்டரில். கேஸ் ஷாக்கின் தண்டை உள்ளே அமுக்கி, ஒரு பட்டை போட்டுக் கட்டித்தான் பெட்டியில் வைத்திருப்பார்கள். கடைக்காரர் வாடிக்கையாளர் கண்முன்னே அந்தப் பட்டையை வெட்டுகிறார். தண்டு மெள்ள, யாரும் இழுக்காமல், முழு நீளத்துக்கு வெளியே வருகிறது. “அமுக்கிப் பாருங்க.” வந்தவர் உள்ளங்கையை வைத்து அமுக்குகிறார், முறைத்துக்கொண்டு இறங்குகிறது, கையை எடுத்ததும் திரும்ப எழுகிறது. “பாத்தீங்களா, எப்படித் தூக்குது!” வியாபாரம் முடிந்தது.

தூக்குவது உண்மைதான். எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன், தண்டின் குறுக்குப் பரப்பு எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வெளியே தள்ள முடியும். அழுத்தம் அதிகமுள்ள மோனோட்யூப் ஷாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: சுமார் 25 பார் அழுத்தம், 14 மில்லிமீட்டர் தண்டு. தண்டின் பரப்பு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் சொச்சம். பெருக்கினால் 40 கிலோவுக்குப் பக்கம் வரும். நம் பக்கத்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ட்வின்ட்யூப் கேஸ் ஷாக்கில் 5 பார் என்று வைத்துக்கொண்டால் அது தள்ளுவது ஏழெட்டு கிலோ. பின்பக்கத்து இரண்டையும் சேர்த்தாலும் பாதிச் சிப்பம் அரிசிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இதை நம்பித்தான் எழுநூறு கிலோவைக் கூடுதலாக ஏற்றுகிறார்கள்.

“ஆனா மாத்தினதும் வண்டி சிக்குனு நிக்குதே?” நிற்கும். அதுவரை உள்ளே மாட்டியிருந்தது செத்துப்போன ஷாக். அதோடு ஒப்பிட்டால் எதை மாட்டினாலும் வண்டி சிக்கென்றுதான் இருக்கும். வளைவில் ஆட்டம் குறைந்ததைப் பார்த்து, டிரைவர் பாரம் தாங்கும் பலம் கூடிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். பிறகு நடப்பது என்ன? ஓவர்லோடில் பிளேட் கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். ஆக்சில் சேசிசுக்குக் கீழே இருக்கும் பம்ப் ரப்பரைத் தொட்டுக்கொண்டு ஓடும். ஷாக்குக்கு மிச்சமிருக்கும் ஓட்டம் விரற்கடை. ஒவ்வொரு பள்ளத்திலும் பிஸ்டன் போய் அடி வால்வை இடிக்கும். சில மாதத்தில் சீல் போகும், இல்லை மாட்டும் கண் உடையும், இல்லை பிராக்கெட்டே பிய்ந்து வரும். உடனே அதே கடைக்காரரிடம் போய் “டூப்ளிகேட்டைக் குடுத்துட்டியே” என்று சண்டை. டூப்ளிகேட் ஷாக் சந்தையில் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த வழக்கில் குற்றவாளி அது அல்ல.

பிளேட்டையே கூட்டினால்? வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். ஆக்சில், பிரேக், டயர், சேசிஸ் எல்லாம் ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடைக்கு என்று கணக்குப் பண்ணியவை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. உரிய லோடுக்குள்ளேயே வண்டி பின்னால் உட்காருகிறது என்றால் பிளேட்டைப் பாருங்கள்: ஒரு பிளேட் உடைந்திருக்கலாம், சென்டர் போல்ட் போயிருக்கலாம், வளைவு செத்திருக்கலாம். பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றிக் கொடுக்கும் பட்டறைகளிடமும் எச்சரிக்கையாக இருங்கள். முறையாகப் பதம் ஏற்றாத பிளேட், கொஞ்ச நாளில் பழையபடி உட்காரும், இல்லையென்றால் உடையும்.

விதிவிலக்கு உண்டு. காற்றுப் பை சேர்த்துச் செய்த ஷாக், சுருள் ஸ்பிரிங்கோடு ஒரே செட்டாக வரும் ஷாக் இரண்டும் எடை தாங்கும். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் முன்பக்கம் இப்படிச் சுருளும் ஷாக்கும் சேர்ந்துதான் இருக்கும். அங்கேயும் தாங்குவது சுருள். உள்ளே இருக்கும் ஷாக் அல்ல.

சிவகாசிக்கே உரிய இன்னொரு கதை இருக்கிறது. பட்டாசு லோடு ஏற்றும் வண்டிக்கு ஷாக் மெத்தென்று இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் குலுங்கி வெடித்துவிடுமாம். இதில் ஒரு சின்ன உண்மை ஒளிந்திருக்கிறது: உராய்வும் அடியும் மருந்துக்கு ஆகாது. குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துக் கலப்பதற்கு 1992இலேயே தடை போட்டதும் அதனால்தான். ஆனால் மெத்தென்ற ஷாக் குலுக்கலைக் குறைக்காது. ஒரு பள்ளத்துக்கு ஒரு தடவை ஆட வேண்டிய வண்டி மூன்று தடவை ஆடும். பெட்டிகள் ஒன்றோடொன்று உரசுவது அதிகமாகும். இந்த லோடுக்கு வேண்டியது நல்ல ஷாக், இடுக்கு விடாத அடுக்கு, மெதுவான ஓட்டம். பெட்டிப் பட்டாசு இடத்தைத்தான் அடைக்கும், எடை அவ்வளவு ஏறாது. பிளேட்டையும் ஷாக்கையும் கொல்வது அச்சகங்களுக்குப் போகும் பேப்பர் ரீலும் அட்டைக் கட்டும்தான். கொஞ்சமாகத் தெரியும், எடை மேடையில் ஏறினால்தான் நிஜம் தெரியும்.

ஷாக்கைப் பற்றிய மற்ற கதைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம்.

காட்டுப் பாதைக்குக் கல்லு மாதிரி ஷாக் வேண்டும் என்பது தப்பு. அளவுக்கு மீறி இறுக்கமான ஷாக், அமுங்கிய பிளேட்டை அடுத்த மேடு வருவதற்குள் நிமிர விடாது. வரிசையாகப் பத்து மேடு வந்தால் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் ரப்பரில் மோதும். இறுக்கம் ஸ்பிரிங்குக்குப் பொருந்த வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் ஈமு போன்றவர்கள் ஷாக்கை அதற்கேற்ற ஸ்பிரிங்கோடு சேர்த்து விற்பது இதனால்தான். அந்த ஷாக்கை மட்டும் வரவழைத்து நம் பிளேட்டோடு மாட்டிவிட்டு “இம்போர்ட்டட்” என்று பெருமை பேசுவது காசைக் கரியாக்குவது. 1961இல் தொடங்கிய காப்ரியேல் இந்தியாவுக்கு நம் ஓசூரிலேயே ஆலை இருக்கிறது. அன்றாட வேலைக்கு அந்தத் தரமே போதும்.

விலை கூடிய மோனோட்யூப்தான் எப்போதும் உசத்தி என்பது பாதி உண்மை. பிரெஞ்சுக்காரர் டி கார்பன் 1950களில் கொண்டுவந்த அந்த முறையில் சூடு சீக்கிரம் வெளியேறும், நீண்ட ஓட்டத்திலும் ஷாக் தளராது. ஆனால் பிஸ்டன் ஓடுவது வெளிக் குழாயின் சுவரிலேயே. வத்திராயிருப்பு, சேத்தூர் பக்கம் மலையடிவாரத் தோப்புக்குக் கல் பாதையில் ஏறி இறங்குகிறவர்கள் யோசிக்க வேண்டும்: ஒரு கல் தெறித்துக் குழாய் ஒடுங்கினால் பிஸ்டன் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ட்வின்ட்யூப்பில் வெளிக் குழாய் லேசாக ஒடுங்கினாலும் உள் குழாய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நீளமான ஷாக் போட்டால் வண்டி உயரும் என்பது முதல் கதையின் தம்பி. உயரம் ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது. ஆக்சிலுக்கு அடியில் இடைவெளி வேண்டுமானால் அது டயரிலிருந்து மட்டுமே வரும். சீலைச் சுற்றி லேசாக ஆயில் பிசுபிசுப்பும் அதில் தூசியும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வழிந்து உடம்பை நனைத்தால்தான் மாற்ற வேண்டும். ஷாக்கில் ஓட்டை போட்டு, ஆயில் ஊற்றி, வெல்டு வைத்துத் தருகிறேன் என்பவரிடம் போகவே போகாதீர்கள். அழுத்தம் அடைத்த குழாயைத் துளைப்பதும் சூடு வைப்பதும் என்ன ஆபத்து என்று சிவகாசிக்காரர்களுக்கா நான் சொல்ல வேண்டும்?

பின்பக்கத்தைக் கையால் அமுக்கி ஆட்டிப் பார்த்து ஷாக்கின் நிலையைச் சொல்லும் வித்தை காருக்கு ஓரளவு சரி. பிக்கப் பிளேட்டை ஒரு ஆள் அமுக்கி என்ன அசைக்க முடியும்? அசைந்தாலும் பிளேட்டுகளுக்கு இடையிலான உராய்வே அதை நிறுத்திவிடும். அதைவிட நல்ல சோதனை இருக்கிறது. குண்டும் குழியுமான பாதையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, இறங்கி, நாலு ஷாக்கின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான் ஷாக்கின் தொழில். மூன்று அனலடித்து ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அது வேலைக்கு வரவில்லை.

குண்டும் குழியும் என்றதும் பட்டாசு ஆலை முதலாளிகளிடம் நெடுநாளாகச் சொல்ல நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன். மெயின் ரோட்டிலிருந்து ஆலை கேட் வரைக்கும் இருக்கும் அந்த மண் பாதை. தாயில்பட்டி, மாரனேரி, ஏழாயிரம்பண்ணை பக்கம் எத்தனையோ ஆலைகளுக்கு இப்படித்தான் வழி. கரிசல் மண், கோடையில் வெடிக்கும், ஐப்பசி மழையில் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் சரளை கொட்டிவிட்டு முதலாளி மறந்துவிடுகிறார். வண்டிகள் ஓடி ஓடி, குறுக்கே வரிவரியாக மேடு விழுகிறது. வருடா வருடம் ஷாக் கேட்பது அந்த வரிகள்தான். நிக்கோலா தாபெர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வைன் என்ற மூன்று ஆய்வாளர்கள் வட்டமான மணல் மேடையில் ஒரு சக்கரத்தை ஓட்டிப் பார்த்து 2007இல் எழுதினார்கள்: ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் மணலில் இந்த வரிகள் தானாகவே எழும், அதற்கு ஸ்பிரிங்கோ ஷாக்கோ தேவையே இல்லை. ஆகவே எந்த ஷாக்கை மாட்டினாலும் பாதை கெடுவது நிற்காது. வேகத்தைக் குறைத்தால் நிற்கும். விழுந்த வரியை டிராக்டரில் பிளேடு கட்டி இழுத்தால் ஒரு காலைப்பொழுதில் சமமாகிவிடும். அதற்குக் கொடுக்கும் வாடகையையும் நாலு வண்டிக்கு ஷாக் மாற்றும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தீபாவளி நெருக்கத்தில் “சீக்கிரம், சீக்கிரம்” என்று டிரைவரை விரட்டுகிறவரும் அவர்தானே.

மாற்றத்தான் வேண்டும் என்றால், உங்கள் மாடலுக்கு உரிய பார்ட் நம்பரை வைத்து வாங்குங்கள். ஒரு ஆக்சிலுக்கு ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருச்சாய்ந்து ஆடும். ட்வின்ட்யூப் என்றால் மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து, உள்ளே சேர்ந்த காற்று விலகும் வரை நாலைந்து தடவை இழுத்து அமுக்க வேண்டும். தண்டைக் குறட்டால் பிடிக்க விடாதீர்கள். மயிரிழைக் கீறல் விழுந்தாலும் அது சீலை அறுத்துவிடும். முக்கியமாக, வண்டி ஜாக்கியில் தூக்கி நின்று ஆக்சில் தொங்கும்போதே நட்டை முறுக்கினால், ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே இறுகிக்கொள்ளும். சக்கரம் தரைக்கு வந்த நாள் முதல் முறுக்கியபடியே ஓடிக் கிழியும். நட்டைக் கையால் ஓட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பிறகு முறுக்கச் சொல்லுங்கள். மெக்கானிக் முறைத்தால் முறைக்கட்டும்.