தெருவும் நடப்போரும்

மருத நிலத்து ஊர்கள் ஆற்றங்கரையில் தோன்றி, ஆற்றை ஒட்டிய வழிகளில் வளர்ந்தவை. தஞ்சைக்கும் குடந்தைக்கும் இடையே, குடமுருட்டியாற்றின் கரையில் அமைந்த பாபநாசமும் அத்தகைய ஊரே. நூற்றெட்டுச் சிவலிங்கங்களையுடைய கோயிலும், அடுத்துள்ள திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியமும் அவ்வூரின் பழமைக்குச் சான்றாக நிற்கின்றன. அக்களஞ்சியத்திற்கு நெல் சுமந்து வண்டிகள் வந்த காலத்தில், வழியின் வேகம் எருதின் நடையாகவே இருந்தது. மனிதனுடைய நடையும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே வண்டியும் மனிதனும் ஒரே வழியில் ஒருவர்க்கொருவர் இடரின்றிச் சென்றனர்.

இன்றோ தஞ்சையிலிருந்து குடந்தைக்குச் செல்லும் பழைய சாலையில் பேருந்தும் சரக்குந்தும் விரைகின்றன. பாபநாசம் வட்டத்தின் தலைநகர் ஆதலின், சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் அலுவலகத்தையும் அங்காடியையும் பள்ளியையும் நாடி அங்கே வருகின்றனர். வெளியூர் செல்வார்க்கு நெடுஞ்சாலையாக இருப்பதே ஊரார்க்குக் கடைத்தெருவாகவும் இருக்கிறது. இந்நிலை பாபநாசத்திற்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டுச் சிறு நகரங்கள் பலவற்றின் நிலையும் இதுவேயாம்.

பண்டைத் தமிழர் தெருவை வெறும் வழியாகக் கருதவில்லை. காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரத்தின் தெருக்களைச் சிலப்பதிகாரம் ஒவ்வொன்றாக எடுத்துக் கூறுகிறது. இன்ன தெருவில் இன்ன தொழிலோர் வாழ்ந்தனர், இன்ன பண்டம் விற்றனர் என்பதெல்லாம் அதில் உண்டு. தெரு என்பது விற்கவும் வாங்கவும், விழாக் காணவும், நின்று பேசவும் உரிய பொது இடமாக இருந்தது. மதுரையில் கோயிலைச் சூழ்ந்து அடுக்கடுக்காக அமைந்த ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் இன்றும் அம்மரபைக் காட்டுகின்றன. அவற்றுள் சித்திரை வீதிகளில் ஊர்திப் போக்குவரத்துத் தடுக்கப்பட்டு, அவை நடப்போர்க்கே உரியவாகியிருக்கின்றன.

ஏனைய தெருக்களில் நடப்பவன் ஓரத்திற்குத் தள்ளப்பட்டான். ஓரத்தில் நின்ற ஊர்திகள் அவனை மீண்டும் நடுவிற்குத் தள்ளின. அதன் விளைவு கொடியது. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர் 1,68,491 பேர் என மைய அரசின் கணக்குக் கூறுகிறது. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேர்! இவர்கள் எவரையும் மோதிக் கொல்லும் விரைவில் சென்றவர்கள் அல்லர்.

விரைவு எவ்வாறு கொல்கிறது என்பதை எளிய கணக்கால் அறியலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவில் வரும் ஊர்தி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கும். 30 கிலோமீட்டர் விரைவில் வருவது 8 மீட்டரே கடக்கும். இடரைக் கண்டு ஓட்டுநர் தடையை மிதிக்க ஒரு நொடியேனும் ஆகும். பத்து மீட்டர் முன்னே ஒரு சிறுவன் தெருவில் இறங்கினான் என்று கொள்வோம். முதல் ஊர்தி விரைவு சிறிதும் குறையாமலே அவனைத் தாக்கும். இரண்டாவது ஊர்தியோ அவனை அடையுமுன் விரைவு தணியத் தொடங்கியிருக்கும். மோதும் ஆற்றல் விரைவின் இருபடியாக வளர்வதால், 30ஐக் காட்டிலும் 50இல் அவ்வாற்றல் ஏறத்தாழ மூன்று மடங்காகும். உயிருக்கும் இறப்புக்கும் இடையே நிற்பது பல வேளைகளில் இந்த இருபது கிலோமீட்டரே.

தெருவின் அகலமும் இவ்வாறே. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர், 14 மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்க ஏறத்தாழ 12 நொடி வேண்டும். ஊர்தி வழியை 7 மீட்டராகக் குறைத்து, மிகுந்ததை இருமருங்கும் நடைபாதையாக்கினால் 6 நொடி போதும். முதியோர்க்கு அந்த ஆறு நொடி சிறிதன்று. தெருவை அகலமாக்கினால் ஊர் வளரும் என்று பலரும் நம்புகின்றனர். எவர்க்காக அகலமாக்குவது என்று கேட்போர் சிலரே.

இக்கேள்வியைச் சென்னை மாநகராட்சி 2014ஆம் ஆண்டில் கேட்டது. நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் முதன்மை தரும் கொள்கை ஒன்றை அவ்வாண்டில் அது ஏற்றது. போக்குவரத்துக்கென ஒதுக்கும் பணத்தில் நூற்றுக்கு 60 பங்கேனும் அவர்கட்குச் செலவிட வேண்டும் என்பது அதன் கருத்து. அவ்வழியில் எழுந்த பெரும்பணியே தியாகராய நகரின் பாண்டி பஜார்.

1920களில் பெரிய ஏரி ஒன்றைத் தூர்த்து உருவாக்கிய அந்நகர்ப்பகுதி, பட்டும் பொன்னும் பாத்திரமும் விற்கும் பேரங்காடியாகியது. தீபாவளிக்கு முன் அங்கே கால் வைக்க இடமிராது. ஆயினும் சாலையின் பெரும்பகுதியை ஊர்திகளும், நிற்கும் ஊர்திகளுமே கொண்டிருந்தன. முதலில் சில நாள்களில் மட்டும் ஊர்திகளைத் தடுத்து ஒத்திகை பார்த்தனர். மக்கள் குழந்தைகளுடன் நடுத்தெருவில் உலவினர். பின்னர் ஊர்தி வழியைக் குறுக்கி, இருமருங்கும் அகன்ற நடைபாதைகளையும் இருக்கைகளையும் அமைத்து, 2019ஆம் ஆண்டு நவம்பரில் திறந்தனர். நின்று பேசவும், அமர்ந்து இளைப்பாறவும் அங்கே இடம் உண்டாயிற்று. குறை இல்லாமலும் இல்லை. நடைபாதையின்மேல் இருசக்கர ஊர்திகள் ஏறுவதைத் தடுப்பது ஓயாத வேலையாகிவிட்டது. முன்னர்ச் சாலையோரத்தில் விற்ற சிறு வணிகரோ, அதற்கு முன்பே மாடிக் கட்டடம் ஒன்றுக்கு மாற்றப்பட்டிருந்தனர். நடப்பவர் கையருகே பூவும் பழமும் விற்பவர் நடைபாதைக்குப் பகைவர் அல்லர். அவர்க்கு உரிய இடத்தை வகுத்துத் தருவதே முறை. தெரு வணிகர்க்கென 2014இல் இயற்றப்பட்ட மையச் சட்டமும் அதனையே வேண்டுகிறது.

வாடிக்கையாளர் வாரார் என்று கடைக்காரர் அஞ்சுவது எங்கும் இயல்பு. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், ஸ்ட்ரோயெட் என்னும் கடைத்தெரு 1962ஆம் ஆண்டு நவம்பரில் ஊர்திகளுக்கு மூடப்பட்டது. வணிகம் அழியும் என்று கூச்சலிட்டோர் அங்கும் இருந்தனர். கடைகள் அழியவில்லை, நடப்போர் பெருகினர், சோதனையாகத் தொடங்கியது 1964இல் நிலைபெற்றது. யான் கேல் என்னும் கட்டடக் கலைஞர் அத்தெருவில் அமர்ந்து, எத்தனை பேர் நடக்கின்றனர், எத்தனை பேர் நிற்கின்றனர், எங்கே அமர்கின்றனர் என்று எண்ணி எழுதினார். அதுவரை நகரங்கள் ஊர்திகளை எண்ணினவேயன்றி மனிதரை எண்ணவில்லை.

நெதர்லாந்தின் வரலாறு துயரம் மிக்கது. அங்கே 1971இல் சாலைகளில் மாண்டவர் ஏறத்தாழ 3,300 பேர். அவர்களுள் நானூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுவர். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்னும் முழக்கத்தோடு பெற்றோர் தெருவிலிறங்கிப் போராடினர். இன்று மிதிவண்டி நாடு என உலகம் புகழும் அந்நாடு, அப்புகழைப் பிறப்பிலேயே பெற்றதன்று, கேட்டுப் பெற்றது.

தமிழ்நாட்டில் மிதிவண்டிக்குக் குறைவில்லை. 2001-02இல் ஒரு பகுதி மாணவியர்க்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவ மாணவியர்க்கு விரிந்தது. வயல்வெளிச் சிற்றூர்களிலிருந்து சமநிலத்தில் பல கல் தொலைவு எளிதாக மிதித்து வரலாம். காவிரிப் படுகையில் ஏறுவதற்கு மேடு ஏது? பாலங்களே மேடு. வண்டி வந்துவிட்டது, கடைத்தெருவை அடைந்ததும் அது செல்ல வேண்டிய வழிதான் காணப்படுவதில்லை.

சிறு நகரங்கள் பாண்டி பஜாரைப் போலப் பெருஞ்செலவு செய்ய வேண்டுவதில்லை. நடைபாதை 1.8 மீட்டரேனும் தடையற்று இருக்க வேண்டும் என்றும், அதன் விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயர்தல் கூடாது என்றும் இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறைகள் கூறுகின்றன. உயரம் மிகுந்தால் முதியோர் ஏறமாட்டார், சாலையிலேயே நடப்பர். மழைக்காலத்தில் நீர் வடியும் கால்வாயை நடைபாதையின் கீழே அமைத்து, மூடுகற்கள் ஆடாது பதிக்க வேண்டும். மின்மாற்றியும் விளம்பரப் பலகையும் நடுவழியில் நின்றால் நடைபாதை பெயரளவினதே. வெயில் மிக்க நாட்டில் நிழல் மரம் அழகுக்கு அன்று, தேவைக்கு. ஒரு சிற்றுந்து நிற்கும் இடத்தில் மிதிவண்டிகள் பத்து நிற்கும் என்பதையும் கடைக்காரர் எண்ணலாம்.

முதற்பணிக்குப் பணமே வேண்டா. பாபநாசத்துக் கடைத்தெருவில் பள்ளி விடும் மாலை நேரத்தில், கோபன்ஹேகனில் நிகழ்ந்ததுபோல, மாணவர் சிலர் ஓரமாக நின்று ஒரு மணி நேரம் எண்ணலாம்: நடந்து சென்றோர் எத்தனை பேர், மிதிவண்டியில் எத்தனை பேர், சிற்றுந்தில் எத்தனை பேர், நடந்தவர் எத்தனை முறை நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கினர், எதனால் இறங்கினர். அத்தாளைப் பேரூராட்சி அலுவலகத்தில் கொடுக்கும்போது, தெருவில் எவர் மிகுதி என்பதற்கு வேறு வாதம் தேவைப்படாது.